க்வார்க் மதுக்கடையின் பின்வரிசையில் நிற்பவர் யார்?

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' (1993–1999) என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் க்வார்க் என்பவர் நடத்தும் மதுக்கடைக் காட்சி எதை நிறுத்திப் பார்த்தாலும், பின்னால் யாரோ ஒரு வேற்றுகிரகவாசி கோப்பையோடு நிற்பார். வசனம் கிடையாது, பெயர் கிடையாது, எந்த இனம் என்றும் யாரும் சொல்வதில்லை. இப்படிப்பட்டவர்களைப் பட்டியலிடுவதில் முதல் விதி, இனத்தைப் பதியக் கூடாது என்பதுதான். பதிய வேண்டியது பார்வையை. எந்தத் தொடர், எந்தப் பருவம், எந்த அத்தியாயம், எத்தனையாவது நிமிடம், நொடி, திரையின் எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு என்று ஒவ்வொரு தோற்றத்துக்கும் தனி அட்டை. எத்தனை இனங்கள் என்ற கணக்கு அட்டைகளை ஒப்பிட்ட பிறகு வரட்டும்.

பதிப்பைக் குறிக்காத அட்டை பாதி அட்டைதான். 1966-ன் மூல 'ஸ்டார் ட்ரெக்' தொடரும் அதன் வழிவந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷனும்' 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டு, பிறகு உயர்தெளிவில் புதுப்பிக்கப்பட்டவை. ஆனால் 'டீப் ஸ்பேஸ் நைன்' அமெரிக்க டிவிடியில் இருப்பது 480 கிடைமட்ட வரிகள்தான். பின்வரிசை முகம் திரை உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால், அதற்குக் கிடைப்பது 40 வரி. நெற்றி மேடு தெரியும். விரல்களை எண்ண முடியாது. எண்ண முடியாததை 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும், 'ஐந்து' என்று ஊகிக்கக் கூடாது.

அமெரிக்க டிவிடிகளில் இன்னொரு பொறி உண்டு. நொடிக்கு 24 ஃப்ரேம் ஃபிலிமை 30 ஃப்ரேம் வீடியோவாக்கும்போது, ஒவ்வொரு ஐந்து ஃப்ரேமிலும் மூன்று தெளிவாக இருக்கும், இரண்டில் அடுத்தடுத்த படங்கள் வரி வரியாகக் கலந்திருக்கும். கலந்த ஃப்ரேமில் தலை அசைந்தால் கன்னத்தில் கிடைமட்டக் கோடுகள் தோன்றும். அதை 'கோடுகள் கொண்ட தோல்' என்று பதிந்துவிட்டால் இல்லாத உயிரினம் ஒன்று பிறந்துவிடும். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, ஓரங்கள் சுத்தமாக உள்ளதையே எடுக்க வேண்டும்.

நிறத்தை நம்புவதில் இன்னும் கவனம் தேவை. 1964-ல் மூலத் தொடரின் முதல் முன்னோட்டப் படமான 'தி கேஜ்'-க்காகப் பச்சைச் சாயம் பூசி எடுத்த சோதனைக் காட்சியில், அது படப்பிடிப்புக் கோளாறு என்று நினைத்த ஃபிலிம் கூடம் பச்சையைச் சாதாரணத் தோல் நிறமாகத் திருத்தி அனுப்பியது. மதுக்கடையின் வண்ண வெளிச்சமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதே உருவம் வெள்ளை வெளிச்சத்தில் நடமாடும் காட்சி கிடைக்கும்வரை நிறம் தற்காலிகக் குறிப்பு மட்டுமே.

சரி, இரண்டு அட்டைகளில் இருப்பது ஒரே இனமா என்று எப்படி முடிவு செய்வது? ஒப்பனை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். களிமண்ணில் முகத்தைச் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, நுரையாக அடித்த ஃபோம் லேடெக்ஸை ஊற்றிச் சூளையில் வேகவைப்பார்கள். கையால் செதுக்கியது என்பதால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. இடப் புருவத்து மேடு சற்று நீண்டிருக்கும், மூக்குத்தண்டில் ஒரு வளையம் கோணியிருக்கும். அந்தக் கோணல் ஒரே அச்சில் வந்த எல்லாத் துண்டுகளிலும் அப்படியே இருக்கும், நடிகர் மாறினாலும் சாயம் மாறினாலும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோணல்களை. புள்ளிகளையும் பட்டைகளையும் கடைசியில் பார்த்தால் போதும். 'டீப் ஸ்பேஸ் நைன்' பாத்திரமான ஜாட்ஸியா டாக்ஸின் தோல் புள்ளிகளை ஒப்பனையாளர் மைக்கேல் வெஸ்ட்மோர் ஒவ்வொரு படப்பிடிப்பு நாளும் கையால்தான் வரைந்தார். ஒரே ஆளிடமே அவை நாளுக்கு நாள் மாறும்.

ஆனால் ஒரே அச்சு என்றால் ஒரே இனம் என்றும் ஆகிவிடாது. தலையோடு மாட்டும் முகமூடிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் அட்டையில் 'அதே முகமூடி', 'அதே இனம்', 'அதே ஆள்' என்று மூன்று தனிக் கட்டங்கள் வேண்டும்.

இன்னொரு வகை இரட்டிப்பு, பழைய காட்சியை மீண்டும் ஒட்டுவதால் வருவது. 'தி கேஜ்' முன்னோட்டப் படத்தின் காட்சிகள் 1966 நவம்பரில் வந்த 'தி மெனாஜரி' அத்தியாயத்தின் இரு பாகங்களில் சேர்க்கப்பட்டன. பக்கத்துக் கூண்டுகளில் இருக்கும் பறவை போன்ற உயிரும் குரங்கு போன்ற உயிரும் ஒரே முறை படமெடுக்கப்பட்டவை. இரண்டு அட்டை போட்டாலும் பார்வை ஒன்றுதான்.

பெயர் விஷயத்தில்தான் பட்டியல்கள் அதிகம் கெடுகின்றன. திரையில் பேசப்பட்டது, திரையில் எழுத்தாகத் தெரிந்தது, நடிகர்களின் பெயர்ப்பட்டியலில் வந்தது, தயாரிப்புக் குறிப்பில் இருந்தது, பொம்மைப் பெட்டியில் அச்சானது என்று ஆதாரத்தின் தரத்தைப் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். 1968-ல் ஒளிபரப்பான 'எ பிரைவேட் லிட்டில் வார்' அத்தியாயத்தில் வெள்ளை ரோமக் கொம்பு விலங்கை 'முகாட்டோ' என்கிறார்கள். முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலோ 'குமாட்டோ' என்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு, பேசப்பட்டதைத் தலைப்பாக்குவதே முறை. 1979 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்துக்கு உடை வடிவமைத்த ராபர்ட் ஃப்ளெட்சர் பின்னணி இனங்களுக்குப் பெயர் வைத்தார். ஸரனைட், மெகரைட் போன்றவை மேகோ நிறுவனத்தின் பொம்மைகளாகவும் வந்தன, படத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. இவை நல்ல ஆதாரங்கள், ஆனால் இரண்டாம் தரம். மூலத் தொடரின் 'தி மேன் ட்ராப்' அத்தியாயத்தில் உப்பு உறிஞ்சும் உயிருக்குப் பெயரே இல்லாததால், கோளின் எண்ணைக் கொண்டு 'எம்-113 உயிரினம்' என்று குறிப்பது நேர்மையான தீர்வு.

உயிரியலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பசிபிக்கின் கிளாரியன்–கிளிப்பர்ட்டன் ஆழ்கடல் பகுதிக்கு 2023-ல் வந்த பட்டியலில் 5,578 இனங்கள். ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு அறிவியல் பெயர் இல்லை. அவர்கள் 'இனம் 1' என்று எண்ணிடுகிறார்கள். 'இதை ஒத்தது', 'இதற்கு உறவானது' என்பதற்குத் தனித்தனிச் சுருக்கக் குறிகளை வைத்திருக்கிறார்கள். வேற்றுகிரகப் பட்டியலுக்கும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் பிரித்தே வையுங்கள். இரண்டு அட்டைகளைப் பிறகு சேர்ப்பது ஒரு நிமிட வேலை. தவறாகச் சேர்த்த ஒன்றைப் பிரிக்க எல்லாக் காட்சிகளையும் மறுபடி பார்க்க வேண்டும். சேர்த்த பின் பழைய எண்ணை வேறு உயிருக்குக் கொடுக்காமல், புதிய அட்டையைச் சுட்டும் குறிப்போடு விட்டுவிட வேண்டும்.