திருப்பும்போது மட்டும் முனகும் கார்

கல்யாண மண்டபத்து வாசலில் இடம் தேடி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, காரை மெல்ல நகர்த்துகிறீர்கள். அடியிலிருந்து ‘ம்ர்ர்ர்ர்’ என்று ஒரு முனகல், தூக்கம் கலைந்த எருமை மாதிரி. இருக்கையிலும் லேசாக அதிர்வு. ஸ்டியரிங் நேரானதும் சத்தமே இல்லை. நெடுஞ்சாலையில் நூறில் போனாலும் இல்லை. அடுத்த முறை யூ-டர்ன் அடிக்கும்போது மறுபடி அதே எருமை.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் குடும்பக் கார்களில், அதிலும் பழைய ஹோண்டா சிஆர்-வி ஓட்டியவர்களில் பலருக்கு இந்தச் சத்தம் பழக்கம். இதற்காகப் பணம் கரையும் வரிசையும் பழக்கமானதுதான். முதலில் வீல் பேரிங், அப்புறம் ஆக்சில், அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டியரிங் பம்ப். எல்லாம் புதிதாகிவிடும், முனகல் மட்டும் பழையபடியே இருக்கும்.

காதை நம்பி இறங்கினால் இப்படித்தான் ஆகும். வீணையில் அதிர்வது தந்தி, நமக்குக் கேட்பது குடம். காரும் அப்படித்தான். பின் ஆக்சிலில் பிறந்த அதிர்வு, இரும்புச் சட்டம் வழியாக, ரப்பர் புஷ்களைத் தாண்டி, எந்தத் தகடு சுலபமாக அதிருமோ அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் காற்றில் இறங்குகிறது. காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் ஓடும் ஒலி, எஃகில் சுமார் 5,000 மீட்டர் ஓடும். பின்னால் பிறந்த சத்தம் முன்னால் கேட்பதில் வியப்பில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் ஒரு காதில் குறையும் சத்தத்தையும் வைத்துத்தான் மூளை கணக்குப் போடுகிறது. 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 அதிர்வு) முனகலின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். அதன் முன் நம் தலை ஒரு மறைப்பே இல்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அப்படிப்பட்ட ஒலிக்குத் திசை என்ற ஒன்றே கிட்டத்தட்ட கிடையாது. ‘இடப்பக்கம் பின்னாடி வருது’ என்று வீட்டில் மூன்று பேர் சத்தியம் செய்தாலும் சரி.

நான் பார்த்த மெக்கானிக்குகளில் கெட்டிக்காரர் ஒருவர் கோயம்புத்தூர் பக்கம் இருந்தார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, “அண்ணா, பின்னாடி சத்தம்...” என்று தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “எங்க வருதுன்னு சொல்லாதீங்க. எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க.” பிறகு டிக்கியைத் திறந்து, ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார். கழன்று ஆடும் ஜாக்கிக் கைப்பிடிக்காக, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையே பிரித்த பட்டறைகள் உண்டு என்று சொல்லிச் சிரிப்பார்.

‘எப்போது’ என்ற கேள்வியின் பலம் சுழற்சி வேகத்தில் இருக்கிறது. ஒரே காரில் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிறது. 72 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவை 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் வினாடிக்கு 10 முறை சுற்றும். பின் ஆக்சிலில் ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும் இரு கியர்களில், பெரிய கிரவுனில் 37 பல், சிறிய பினியனில் 9 பல் என்றால், கியர் பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் நீளமான புரப்பல்லர் ஷாஃப்ட் வினாடிக்கு 41 முறை சுற்றும். ஒரு பல் இன்னொரு பல்லைத் தொடுவது வினாடிக்கு 370 முறை. ஆக, பத்து ஹெர்ட்ஸ் அதிர்வு டயரையோ ரிம்மையோ காட்டுகிறது. 41 வந்தால் ஷாஃப்ட்டின் சமநிலை கெட்டிருக்கிறது. 370-இல் ஊளையிட்டால் கிரவுன் பினியன். இப்போது கைபேசியிலேயே ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து அளந்தால் பாதி வேலை முடிந்தது.

தண்டுகளைச் சாய்வாக இணைக்கும் யூ-ஜாயின்ட்டின் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு. சாய்வாக இணைந்த இரு தண்டுகளில் ஒன்று சீராகச் சுற்றினாலும் மற்றது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு 10 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஒன்றரை சதவீதம். எதிரெதிர் முனைகளில் இரண்டு ஜாயின்ட் வைத்து ஒன்றின் குறையை மற்றதால் ஈடுகட்டுகிறார்கள். ஒன்று இறுகிவிட்டால் அந்தக் கணக்கு குலைந்து, ஷாஃப்ட் வேகத்தின் இரண்டு மடங்கில், அதாவது 82 ஹெர்ட்ஸில் அதிர்வு எழும்.

வீல் பேரிங் முழு எண்களுக்குள் அடங்காது. உள்ளே இருக்கும் குண்டுகளின் கூடு, சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஏறக்குறைய 0.4 சுற்றுதான் நகரும். அதனால் அதன் ஒலி டயரின் தாளத்தோடு ஒட்டாமல் தனியாகக் கேட்கும். காலியான சாலையில் மெல்ல இடமும் வலமுமாக வளைத்தால் இன்னும் தெளிவாகும். இடப்பக்கம் திருப்பினால் காரின் எடை வலப்பக்கம் சாயும், அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்றால் கியர் பற்கள். மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் அழுந்துகிறது, விட்டால் மறுமுகம். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் மாறினால் டயரைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

இனி நம் எருமை. வேகத்தில் வரவில்லை, நேராகப் போனால் வரவில்லை. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் அமைதியாக இருக்கிறது, எனவே ஸ்டியரிங் பம்ப் இல்லை. திரும்பும்போது நியூட்ரலுக்குத் தள்ளினாலும் முனகுகிறது, எனவே எஞ்சினும் இல்லை. முன் ஆக்சிலின் வளையும் இணைப்பான சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருந்தால் ‘டக் டக் டக்’ என்று எண்ணக்கூடிய தட்டலாக வரும், இப்படி இழுத்த முனகலாக வராது. மிச்சம் என்ன? முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது மட்டும் விழித்துக்கொள்ளும் ஓர் உறுப்பு.

மழை விட்ட தெருவில் சைக்கிளை வட்டமடித்துப் பாருங்கள். ஈரத்தில் இரண்டு கோடுகள் விழும். முன் சக்கரத்தின் கோடு வெளியே பெரிய வட்டமாகவும், பின் சக்கரத்தின் கோடு உள்ளே சிறிய வட்டமாகவும் இருக்கும். காரிலும் அதேதான். முன், பின் அச்சுகளுக்கு இடையே சிஆர்-வியில் சுமார் 2.6 மீட்டர். பின் அச்சின் நடு, 4 மீட்டர் ஆர வட்டத்தில் போனால், முன் அச்சின் நடு கிட்டத்தட்ட 4.8 மீட்டர் ஆர வட்டத்தில் போக வேண்டும். அதாவது முன் சக்கரங்கள் ஏறக்குறைய 20 சதவீதம் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். 50 மீட்டர் ஆர வளைவில் இந்த வித்தியாசம் 0.15 சதவீதம்கூட இல்லை. நெடுஞ்சாலை வளைவில் சாதுவாக இருக்கும் கார் மண்டபத்து வாசலில் முனகுவதன் காரணம் இதில் இருக்கிறது.

1995-இல் ஜப்பானில் அறிமுகமான சிஆர்-வியின் முதல் மூன்று தலைமுறைகளில், பின் சக்கரங்களுக்கு விசை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்தவை, பின் டிஃபரென்ஷியலோடு சேர்ந்த இரண்டு சின்ன எண்ணெய் பம்புகள். ஒன்றை முன்னிருந்து வரும் ஷாஃப்ட் சுற்றும், மற்றதைப் பின் சக்கரங்கள் சுற்றும். ஒன்று தள்ளும் எண்ணெயை மற்றது உறிஞ்சிக்கொள்ளும். வேகம் சமமானால் எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சேற்றில் முன் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால், முன்பம்ப் தள்ளுவதைப் பின்பம்பால் உறிஞ்ச முடியாது. மிஞ்சிய அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளி, அடுக்கடுக்கான கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கும். பின் சக்கரத்துக்கு விசை போய்விடும். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான எளிய தந்திரம் கார்களில் குறைவு.

ஆனால் முன் சக்கரம் சேற்றில் வழுக்குகிறதா, வெறுமனே திரும்புகிறதா என்பது பம்புக்குத் தெரியாது. அதற்காகத்தான் பின்பம்பை முன்பம்பைவிட 2.5 சதவீதம் பெரிதாக வைத்தார்கள். அந்த இளக்கம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அதே வட்டக் கணக்கைப் போட்டால் விடை 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆரம். அதைவிட இறுக்கமாகத் திரும்பினால், சேறு இல்லாமலேயே பிளேட்டுகள் ஒன்றையொன்று உரசத் தொடங்கும். உரசட்டும், அதில் தவறில்லை. வழுக்கி உரசினால் சத்தமே இருக்காது.

பிடித்துப் பிடித்து விடும்போதுதான் தொல்லை. சிலேட்டில் பலப்பம் கிறீச்சிடுவது இதனால்தான். பலப்பம் ஒட்டி நிற்கிறது, விரல் தள்ளத் தள்ள இறுக்கம் ஏறுகிறது, சட்டென்று விடுபட்டு வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. நிற்கும்போதுள்ள உராய்வு, நகரும்போதுள்ள உராய்வைவிட அதிகமாக இருக்கும் எதிலும் இது நடக்கலாம். கிளட்ச் எண்ணெயில் இதைத் தடுக்கவே சில வேதிப்பொருள்கள் சேர்க்கிறார்கள். நீண்ட மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் முடிபோல் நட்டுக்கொண்டு நின்று, மெதுவான வேகத்திலும் பிளேட்டுகளை மென்மையாக நழுவவிடும். வெப்பத்திலும் நாள்பட்ட உழைப்பிலும் இவை சிதைந்துபோனால், பிளேட் பலப்பமாகிவிடுகிறது. எண்ணெய் அளவு குறைந்திருக்காது, எங்கும் கசிந்திருக்காது, சத்தம் மட்டும் வரும்.

எனவே பெரும்பாலும் வைத்தியம் ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய்தான். அதற்கென்றே உள்ள எண்ணெயாக இருக்க வேண்டும். ‘டிஃபரென்ஷியல்தானே’ என்று பட்டறையில் சாதாரண 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றிவிட்டால், அதில் கிளட்ச்சுக்கு வேண்டிய சங்கதி இல்லை, முனகல் கூடும். கழற்றும்போது முதலில் மேலே உள்ள ஊற்றும் போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். கீழே எண்ணெயை வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து வராமல் நின்றால் வண்டி அங்கேயே படுத்துவிடும். சோதிக்கிறேன் என்று ஒரு அச்சை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியர் போட்டு ஓடவிடவும் கூடாது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கும் விசை போய், கார் ஜாக்கியிலிருந்து குதித்துவிடும்.

எண்ணெயை மாற்றும் அன்றே டயர் பட்டன்களையும் அளந்துவிடுவது நல்லது. பின்னால் புதுசு, முன்னால் பழசு, ஆழத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், சுற்றளவில் 19 மில்லிமீட்டர் குறையும். கிட்டத்தட்ட ஒரு சதவீதம். இளக்கத்தில் கணிசமான பங்கை நேரான சாலையிலேயே அது தின்றுவிடும். சிஆர்-வியில் இதற்காவது இடம் விட்டிருக்கிறார்கள். சுபாரு தன் கார்களுக்கு நான்கு டயர்களின் சுற்றளவும் சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது.

புது எண்ணெய் ஊற்றியதும் காலி மைதானத்தில் எட்டுப் போட வேண்டும், லைசென்ஸுக்குப் போட்டது போலவே, மெதுவாக, இரு பக்கமும் ஒடித்து. பிளேட்டுகளுக்கு நடுவில் எண்ணெய் போய்ச் சேர அதுதான் வழி. முதல் சில சுற்றுகளில் முனகிவிட்டு அடங்கினால் வேலை முடிந்தது. உள்ளே பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கிவிடுவதால் சில கார்களுக்கு இரண்டாம் முறையும் மாற்ற வேண்டிவரும். அதன் பிறகும் முனகினால் பிளேட்டுகளே வெந்து கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கும். அப்போதுதான் ஸ்பேனருக்கு வேலை.