அழகர் ஆத்துல இறங்குற லீவும் ஆகஸ்ட் 15 லீவும் ஒண்ணு இல்ல

சித்திரைத் திருவிழா நெருங்குனா மதுரைல வருஷா வருஷம் ஓடுற கேள்வி, "அழகர் இறங்குறன்னைக்கு பேங்க் உண்டா?" கலெக்டர்தான் லீவு விட்டுட்டாரேன்னு நெனைப்போம். ஆனா அந்த அறிவிப்பைக் கடைசி வரைக்கும் படிச்சுப் பாருங்க, இது செலாவணி முறிச் சட்டத்தின்படி (செக், பிராமிசரி நோட்டு மாதிரி பணப் பத்திரங்களுக்கான சட்டம்) அறிவிக்கப்பட்ட லீவு இல்லைன்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியிலதான் எல்லாம் இருக்கு. அது உள்ளூர் விடுமுறை, அரசு ஆபீசு, ஸ்கூலுக்கு மட்டும், அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாளாயிரும், கருவூலம் கொஞ்ச ஆளை வச்சு ஓடும், பேங்க்குக்கு அது கட்டுப்படாது.

சரி, சட்டப்படி லீவுன்னா எது? தேசிய விடுமுறை எல்லாத்துக்கும்னு பார்லிமெண்ட் போட்ட தனிச் சட்டம் எதுவும் இல்லீங்க. மத்திய அரசு ஊழியருக்கு பணியாளர் துறை வருஷா வருஷம் லிஸ்ட் போடுது. பொது விடுமுறைக்கு அடிப்படையா புடிச்சுக்கிறது 1881ல வெள்ளைக்காரன் போட்ட செலாவணி முறிச் சட்டம், 25வது பிரிவு. லீவு நாள்ல தவணை முடியுற உண்டியல் (இன்ன தேதில பணம் குடுன்னு எழுதுற சீட்டு, கோயில் உண்டியல் இல்ல), பத்திரத்துக்கெல்லாம் எந்தத் தேதி கணக்குன்னு சொல்லத்தான் அந்தப் பிரிவு வந்துச்சு (அடுத்த நாள் இல்ல, முந்தின வேலை நாளே கெடுன்னு வச்சிருக்கான், கில்லாடி). எது பொது விடுமுறைன்னு அரசிதழ்ல அறிவிக்கிற அதிகாரம் மத்திய அரசுக்கு, அதை 1957ல மாநிலங்களுக்கும் குடுத்துட்டாங்க. பொங்கல், தீபாவளி எல்லாம் வருஷக் கடைசில நம்ம அரசு போடுற அரசாணைல வர்றது இப்பிடித்தான்.

இப்ப முக்கியமான விஷயம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைல நிக்கிற பிள்ளைக்கு இந்த அரசாணையால நேரா பிரயோஜனம் இல்ல, அவங்களுக்குன்னு 1958ல வந்த தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வேற இருக்கு. கடை, ஓட்டல், ஃபேக்டரி எல்லாத்துக்கும் இது செல்லும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் கட்டாயம், அதுக்கு மேல அஞ்சு பண்டிகை லீவு, ஆக ஒன்பது நாள், ஒன்பதும் சம்பளத்தோட.

அன்னைக்கு வேலைக்கு வரச் சொன்னா? சொல்லலாம், ஆனா முன்கூட்டியே தொழிலாளர் துறைக்கு எழுதிக் குடுத்துட்டுச் சொல்லணும். நாள் சம்பளம் 500ன்னா அன்னைக்கு 1000 வாங்கிக்கலாம், இல்லாட்டி 500 வாங்கிட்டு இன்னொரு நாள் சம்பளத்தோட லீவு எடுத்துக்கலாம். எது வேணும்னு முடிவு பண்றது வேலை பாக்குறவங்க, மொதலாளி இல்ல. "பிரியாணி வாங்கித் தர்றேன்டா, வந்துரு"ங்கிறது ரெண்டுலயும் சேராது. தரலைன்னா தொழிலாளர் துறையோட அமலாக்கப் பிரிவுல மனு குடுங்க, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ல அவங்களே கடை கடையா செக்கிங் வருவாங்க.

ஓட்டு போடுற நாள் லீவுக்குன்னு வேற சட்டம் இருக்கு, அது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவு. எம்பி, எம்எல்ஏ தேர்தல்னா அங்க ஓட்டு இருக்கிற ஆளுக்கு சம்பளத்தோட லீவு, தினக்கூலிக்கும் உண்டு.