ஆள் தெரியும், ஓட்டு தெரியாது: வாக்குச்சாவடி இயங்கும் விதம்

தேர்தல் நாளன்று அரசுப் பள்ளி வகுப்பறை ஒன்றில் இரண்டு கணக்குகள் எழுதப்படுகின்றன. யார் யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பது ஒன்று. எந்தச் சின்னத்துக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பது இன்னொன்று. முதல் கணக்கில் பெயர், வரிசை எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு ஓட்டுகூடப் பிசகக் கூடாது. அதே சமயம், இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்து ‘இவர் இன்னாருக்குத்தான் போட்டார்’ என்று சொல்ல எவராலும் முடியக் கூடாது.

வங்கி, ரயில் முன்பதிவு, ரேஷன் கடை என்று நாம் பழகிய கணக்குகள் எல்லாமே யார், என்ன, எவ்வளவு என்பதை ஒரே வரியில் எழுதுபவை. தவறு நேர்ந்தால் அந்த வரியைத் தேடித் திருத்திவிடலாம். வாக்குச்சாவடியில் அந்த வசதி கிடையாது. விழுந்த ஓட்டை யாருடையது என்று அடையாளம் காணவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால் தவறு நடக்காமல் தடுப்பதற்கான ஏற்பாடு எல்லாம் ஓட்டு விழுவதற்கு முன்பே நடந்து முடிய வேண்டும். மேசைகள் போடப்பட்டிருக்கும் வரிசை முதல் விரலில் மை வைக்கும் நேரம் வரை, அந்த அறையில் உள்ள பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குச்சாவடிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தலைமை அலுவலர், அவருக்குக் கீழே மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான். யாருக்கு எந்தச் சாவடி என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்கிறது. மூன்று சுற்றாக நடக்கும் அந்தக் குலுக்கலின் கடைசிச் சுற்று முடியும்வரை போகும் ஊர் அவர்களுக்கே தெரியாது. இயந்திரங்களுக்கும் இரண்டு சுற்றுக் குலுக்கல் உண்டு.

முதல் மேசையில் இருப்பவரிடம்தான் வாக்காளர் பட்டியல். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். அவருக்கு எழுத்துக் கூட்டும் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகளுக்காகத்தான் அந்தச் சத்தம். தங்கள் கையில் உள்ள பட்டியலில் அவர்களும் டிக் அடித்துக்கொள்வார்கள். வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று தோன்றினால் ஏஜென்ட் அங்கேயே ஆட்சேபிக்கலாம். அதற்கு முன்பணம் 2 ரூபாய் கட்ட வேண்டும். தொகை அந்தக் காலத்தில் நின்றுபோனது, விதி இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது மேசையில் மை. இடது கை ஆட்காட்டி விரலின் நக நுனியிலிருந்து முதல் கணுவரை ஒரு கோடு. 1962 பொதுத் தேர்தலில் இருந்து மைசூரு பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற கர்நாடக அரசு நிறுவனம் இதைத் தயாரித்துத் தருகிறது. மையின் சூட்சுமம் அதில் உள்ள சில்வர் நைட்ரேட். வைத்த உடனே கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறம் வெறும் சாயம்தான். உண்மையான வேலை அதற்கு அடியில் நடக்கிறது. தோலில் வியர்வையால் எப்போதும் கொஞ்சம் உப்பு இருக்கும். சில்வர் நைட்ரேட் அந்த உப்பின் குளோரைடோடு சேர்ந்து சில்வர் குளோரைடாக மாறும். அது தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரியும், இடம் கறுத்துவிடும். பழைய கறுப்பு-வெள்ளை பிலிமில் படம் விழுந்ததும் இதே வேதியியலால்தான். சோப்பு அழுக்கை இழுத்துக்கொண்டு போகும், ஆனால் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும் வெள்ளியிடம் அதன் வேலை நடக்காது. தோலில் உள்ள கறை மேல்தோல் உதிர உதிரச் சில நாட்களில் மங்கும். நகத்தில் உள்ளது நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை இருக்கும். கோட்டை நகத்திலும் தோலிலுமாகச் சேர்த்துப் போடுவது அதனால்தான்.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. மை காய்வதற்குள் துடைத்துவிட்டால் வேதிவினைக்கு நேரம் கிடைக்காது. எனவே முதலில் மை, அப்புறம்தான் ஓட்டுப் போட வந்தவர்களை எழுதும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டு, சிலிப் வாங்கி, மூன்றாவது மேசைக்கு நகர்வதற்குள் விரல் காய்ந்திருக்கும். அங்கே உள்ளவர் சிலிப்பை வாங்கும்போது விரலையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. அழிந்திருந்தால் மறுபடி மை.

இதுவரை நடந்தது எல்லாம் ‘யார்’ என்ற பக்கம். மூன்றாவது மேசையில்தான் எல்லை. அங்கே கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அலுவலர் உங்கள் சிலிப்பை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு ‘பேலட்’ பொத்தானை அழுத்துவார். கருவியில் சிவப்பு விளக்கு எரியும், மறைவிடத்துக்குள் இருக்கும் வாக்குப்பதிவுக் கருவியில் பச்சை விளக்கு எரியும். உங்கள் பெயரோ எண்ணோ அந்தக் கம்பி வழியாகப் போகவில்லை. ‘ஒரு ஓட்டுக்கு அனுமதி’ என்ற ஒரே செய்திதான் போகிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் அந்த அனுமதி தீர்ந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும், இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாலும், அலுவலர் மறுபடி ‘பேலட்’ கொடுக்காமல் எதுவும் பதியாது.

இந்த எல்லை எவ்வளவு கறாரானது என்பது ஒரு சிக்கல் வரும்போதுதான் புரியும். நீங்கள் போகும்போது உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால்? அந்தக் கள்ள ஓட்டை இயந்திரத்திலிருந்து பிடுங்கி எடுக்க வழியில்லை, எது என்று யாருக்கும் தெரியாதே. அதனால் 49பி (49P) விதிப்படி உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு தருவார்கள். அதை ஆய்வுக்குரிய வாக்கு என்பார்கள். தனி உறையில் முத்திரையிட்டு வைப்பார்கள், வழக்கமான எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். பின்னால் தேர்தல் வழக்கு நடந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம். ஆய்வுக்குரிய வாக்கு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி ஒரு விதியே கிடையாது.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதலில் பயன்படுத்திப் பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லாமல் நடத்தியதால் 1984-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சட்டம் திருத்தப்பட்டு, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வந்தது. மின்சாரம் இல்லாத மலைக் கிராமத்திலும் ஓட வேண்டும் என்பதால் 7.5 வோல்ட் பேட்டரிதான். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள். அதற்கு மேல் வேட்பாளர்கள் இருந்தால் கருவிகளைத் தொடராக இணைக்கலாம். 2024-ல் கரூரில் 54 பேர் நின்றார்கள், நோட்டாவோடு 55, ஆக 4 கருவிகள். இப்போதைய எம்3 வகையில் 24 கருவிகள் வரை, அதாவது 384 பெயர்கள் வரை சமாளிக்கும். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் இருந்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்த தேர்தல் அது. அப்படி ஒன்று மறுபடி நடந்தால் இயந்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காகிதத்துக்குத்தான் போக வேண்டும்.

போட்ட ஓட்டைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவி வந்தபோது கேள்வி வேறு. பொத்தானை அழுத்தியது நான், ஆனால் உள்ளே பதிந்தது என்ன? 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முதலாக இது வைக்கப்பட்டது. அழுத்திய பெயர், வரிசை எண், சின்னம் மூன்றும் ஒரு சிறு தாளில் அச்சாகிக் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும். பிறகு தானாக அறுபட்டுப் பெட்டிக்குள் விழும். தாள் கைக்கு வராது. வந்தால் அதுவே காசு வாங்கியதற்குக் காட்டும் ரசீது ஆகிவிடும்.

சாவடியில் அதிகம் தகராறு செய்வதும் இந்தக் கருவிதான். மற்ற இரண்டிலும் மின்சுற்றும் பொத்தானும் மட்டுமே இருக்கின்றன, இதில் தாளை நகர்த்தும் இயந்திர பாகங்களும், தாளின் நீளத்தையும் அச்சின் கருமையையும் பார்க்கும் ஒளி உணரிகளும் இருக்கின்றன. ஜன்னல் வெயிலோ, தலைக்கு நேர் மேலே எரியும் பல்போ உள்ளே விழுந்தால் உணரி குழம்பிக் கருவி நின்றுவிடும். வகுப்பறைக்குள் நுழைந்ததும் அனுபவசாலி அலுவலர் முதலில் பார்ப்பது மேசையை அல்ல, ஜன்னலை. இன்னொன்று, கருவியின் பின்புறம் ஒரு குமிழ் உண்டு. தூக்கிக்கொண்டு போகும்போது தாள் சுருள் ஆடாமல் இருக்க அதைப் படுக்கை நிலையில் பூட்டியிருப்பார்கள். அதை நிமிர்த்தாமல் சுவிட்சைப் போட்டால் கருவி பிழை காட்டும். விடியற்காலையில் மண்டல அலுவலருக்கு வரும் போன்களில் இப்படிப்பட்டவையும் உண்டு.

7 மணி வாக்குப்பதிவுக்கு 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். ஏஜென்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு. நோட்டா உட்பட எல்லாப் பொத்தான்களும் ஒருமுறையாவது அழுத்தப்பட வேண்டும். பிறகு ‘குளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘கிளியர்’. இந்த வரிசையை மாற்ற இயந்திரமே விடாது. மூடாமல் முடிவு காட்டாது, முடிவைப் பார்க்காமல் அழிக்காது. நடுவில் யாரும் எட்டிப் பார்த்து யார் முன்னணி என்று தெரிந்துகொள்ள முடியாமல் இருப்பதும் இதே பூட்டால்தான். விவிபேட் தாள்களை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட்டபின், முதுகில் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் வைத்துவிடுவார்கள். காலிப் பெட்டியையும் பூஜ்ஜியத்தையும் எல்லோருக்கும் காட்டிவிட்டு, முடிவுப் பகுதியின்மேல் பச்சைத் தாள் முத்திரை. அதன் எண்ணை ஏஜென்டுகள் குறித்துக்கொள்வார்கள். எண்ணும் நாளில் அதே எண் இருக்கிறதா என்று பார்க்க.

சரி, வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது? ஒரு சாவடியில் 1,400 வாக்காளர்கள், 70 சதவீதம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 980 பேர், 11 மணி நேரம். ஒருவருக்கு 40 விநாடி. மூன்று மேசையிலும் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆட்கள் நிற்பதால், வேகத்தைத் தீர்மானிப்பது எது மிக மெதுவான இடமோ அதுதான். பட்டியலில் பெயர் தேடுவது இழுக்கும். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள பூத் சிலிப் கையில் இருந்தால் அது நொடியில் முடியும். ஆனால் ஒரு மறைவிடம்தான், அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பெயரைத் தேடி, அழுத்தி, 7 விநாடி தாளைப் பார்த்து, பீப் சத்தம் கேட்டு வெளியே வர வேண்டும். காலை 7 மணிக்கே 100 பேர் நின்றால் கடைசி ஆள் போடும்போது 8 மணி தாண்டிவிடும். சாவடிக்கு 1,500 வாக்காளர்கள் என்ற உச்சவரம்பை 2025-ல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்தது. இயந்திரத்தை வேகமாக்குவதைவிட இதுதான் நல்ல வழி என்பது என் கட்சி.

மாலை 6 மணிக்கு வரிசையில் ஆள் இருந்தால் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. அப்போது தலைமை அலுவலர் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு தருவார். வாசலில் நிற்பவருக்கு அல்ல, வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு 1-ஆம் எண். அங்கிருந்து முன்னோக்கி வருவார். முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டு போனால், அவர் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் வால் நீண்டுகொண்டே போயிருக்கும்.

பிறகு ‘குளோஸ்’ பொத்தான். களைப்பில் இதை மறந்துவிட்டுப் பெட்டியை முத்திரையிடுகிறவர்களும் உண்டு. எண்ணும் நாளன்று அந்தக் கருவி முடிவு காட்டாது, தனியாக எடுத்து வைப்பார்கள். அன்றைய முழுக் கணக்கும் படிவம் 17சி-யில் இறங்கும். 17ஏ-யில் பதிந்தவர்கள் எத்தனை பேர்? அதில் கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போட மறுத்தவர்களைக் கழி. ரகசியத்தை மீறியதால் தடுக்கப்பட்டவர்களைக் கழி. ‘தாளில் வேறு பெயர் வந்தது’ என்று யாராவது புகார் எழுதிக் கொடுத்து, எல்லோர் முன்னும் ஒரு சோதனை ஓட்டுப் போட்டுக் காட்டியிருந்தால் அதை இங்கே கழிக்கக் கூடாது, அதற்காக 17ஏ-யிலும் இரண்டாவது முறை பதிந்திருப்பார்கள். மிச்சம், கட்டுப்பாட்டுக் கருவியின் மொத்தத்தோடு ஒட்ட வேண்டும். பெயர் உள்ள கணக்கும் பெயர் இல்லாத கணக்கும் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் இந்த எண்தான். இதன் நகலை ஏஜென்டுகள் வாங்காமல் போகக் கூடாது.

இத்தனை கவனமாகக் கட்டிய சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது சாவடிக்குள் இல்லை, எண்ணும் மையத்தில் இருக்கிறது. காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியின் முடிவும் தனித்தனியாகத் தெரிந்துவிடுகிறது. உங்கள் ஓட்டு தெரியாது, ஆனால் உங்கள் தெருவின் ஓட்டு தெரியும். அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாம் போல ஒரே ஒரு வாக்காளர் உள்ள சாவடியில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. 14 சாவடிகளின் கருவிகளை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்வைத்தது. 2015-ல் சட்ட ஆணையத்தின் 255-ஆவது அறிக்கையும் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. சாவடிவாரி எண்ணிக்கை படிவம் 20-ல் இன்றும் வெளியாகிறது. அடுத்த தேர்தலுக்கு வேலை தொடங்கும் கட்சிக்காரர்கள் கையில் முதலில் இருப்பது அந்தப் படிவம்தான்.