நிறுத்தினால்தான் வரும்

"மூணு மாசமா பீரியட்ஸ் வரலைண்ணா. போன தபா குடுத்தீங்களே, அந்த அஞ்சு நாள் மாத்திரை குடுங்க."

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெடிக்கல் வாசலில் காதில் விழுந்தது. டாக்டர் சீட்டு கேட்டார் கடைக்காரர். அந்தப் பெண்ணுக்குச் சலிப்பு. "போட்டா வருது, அடுத்த மாசம் திரும்ப நின்னுடுது."

போட்டால் வருவதில்லை, போட்டு நிறுத்தினால்தான் வருகிறது. சூட்சுமமே அதில்தான்.

கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளரும் சவ்வை, தெருவை அடைத்துப் போடும் கல்யாணப் பந்தல் என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட்ரோஜன் கம்பம் நட்டு உயர்த்தும். முட்டை வெளிவந்த பின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் கயிறு போட்டுக் கட்டும். கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் புரோஜெஸ்ட்ரோன் இறங்கிவிடும். எல்லாக் கயிறும் ஒன்றாக அவிழ, பந்தல் மொத்தமாகப் பிரிந்து வரும். அதுதான் மாதவிலக்கு.

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி, உள்ளவர்களுக்குப் பல மாதங்களில் முட்டை வெளிவராது. கம்பம் ஏறிக்கொண்டே இருக்கும், கட்ட கயிறு இல்லை. மூன்று மாதம் ஒன்றும் வராது. பிறகு அங்கொரு பக்கம் இங்கொரு பக்கம் சரிந்து நாள் கணக்கில் உதிரம் படும். ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் சவ்வு தடித்து, புற்றுநோய் அபாயம்கூட உண்டு.

மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் 10 மி.கி. மாத்திரை, 5 முதல் 10 நாள் வரை, வெளியிலிருந்து வரும் கயிறு. நிறுத்தியதும் அவிழும்; பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். முட்டையை வெளிவரவைக்கும் வேலை அதற்கில்லை, அதனால்தான் அடுத்த மாதம் மறுபடி நிற்கிறது. திருவிழாவுக்குத் தள்ளிப்போட வாங்கும் நாரெத்திஸ்டிரோனும் இதே கயிறுதான். அங்கே அவிழ்க்காமல் பிடித்து வைக்கிறோம். எள்ளுருண்டையையும் பப்பாளியையும் நம்பி இருப்பவர்களுக்கு: இந்தக் கயிறு அவற்றில் கிடையாது.

மாதாமாதம் ஒழுங்காக வரவேண்டும், குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு ஹார்மோனும் சேர்ந்த கருத்தடை மாத்திரை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. அதில் 21-இல் தான் ஹார்மோன். மீதி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் உதிரம் வரும். முகப்பருவும் வேண்டாத ரோமமும்கூடக் குறையும், ஆண் ஹார்மோனை இது அடக்குவதால். ஆனால் ரத்தக்கொதிப்பு, ரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் ஆகாது.

உதிரம் அதிகமாகப் போகிறவர்களுக்கு கருப்பைக்குள் வைக்கும் சாதனம் உண்டு; காப்பர்-டி மாதிரிதான், ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் அதிலிருந்து கசியும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வழியே வேறு: முட்டையை வெளிவரவைக்கும் லெட்ரோசோல். தைராய்டு கோளாறால் தள்ளிப்போகிறது என்றால் சரிசெய்ய வேண்டியது தைராய்டை.

மாத்திரையை நிறுத்தியும் வராவிட்டால்? கர்ப்பமாக இருக்கலாம், இல்லையென்றால் பந்தலே எழும்பாத அளவு ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கலாம்.

கடைக்காரர் மாத்திரை தரவில்லை. சிறுநீர் சோதனை கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். "மொதல்ல இத பாரும்மா. அப்புறம் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில போயி ஓபி சீட்டு போடு."