சொல் விளக்கம்: சொல்லாடல்

பிரெஞ்சில் ‘திஸ்கூர்’ என்றும் ஆங்கிலத்தில் ‘டிஸ்கோர்ஸ்’ என்றும் வழங்கும் கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘சொல்லாடல்’ என்பது பெரிதும் நிலைபெற்றுவிட்டது. மூலச்சொல், இங்குமங்கும் ஓடுதலைக் குறிக்கும் இலத்தீன் ‘திஸ்குர்சுஸ்’ ஆகும். பின்னர் அது உரையாடலையும் ஒரு பொருளை விரித்துரைக்கும் நூலையும் குறிக்கலாயிற்று.

இன்றைய பொருளை அதற்கு ஏற்றியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ. ஒரு காலத்தில், ஒரு துறையில் எதைச் சொல்ல இயலும், எது உண்மையெனக் கொள்ளப்படும், அதைச் சொல்லும் தகுதி எவருக்கு உண்டு என்று வரையறுக்கும் விதிகளும், அவ்விதிகளின்படி பிறக்கும் கூற்றுகளும், அவற்றைத் தாங்கி நிற்கும் நிறுவனங்களும் சேர்ந்ததே அவர் பேசும் சொல்லாடல். மனநோய் பற்றி மருத்துவர் பேசுவது அறிவாகவும், நோயாளி பேசுவது நோயின் அறிகுறியாகவும் கொள்ளப்படுவது இதனால்தான். இக்கருத்தை விரித்துரைக்கும் ‘அறிவின் தொல்லியல்’ 1969இல் வெளிவந்தது. 1956 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த துனீசியாவில் வாழ்ந்தபோதுதான் ஃபூக்கோ அதைப் பெரும்பாலும் எழுதினார். ஆயினும் காலனியம் அந்நூலின் பேசுபொருளே அன்று.

அவ்விடைவெளியில்தான் பாலஸ்தீன-அமெரிக்கத் திறனாய்வாளர் எட்வர்ட் சயீத், கீழை நாடுகளைப் பற்றி மேலையர் உருவாக்கிய அறிவை ஆராயும் தம் ‘கீழைத்தேயவியல்’ நூலை (1978) அமைத்தார். 1910இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் முன்னாள் பிரதமர் பால்ஃபர் ஆற்றிய உரையை அவர் தொடக்கத்திலேயே ஆராய்கிறார். எகிப்தின் வரலாற்றைப் பிரித்தானியர் அறிந்திருப்பதே அதை ஆள்வதற்கான நியாயம் என்னும் அவ்வாதத்தில், எகிப்தியர் தம்மைப் பற்றிச் சொல்வதற்கு இடமே இல்லை. எனினும் சயீத் ஃபூக்கோவை அப்படியே பின்பற்றவில்லை. தனி எழுத்தாளரின் முத்திரை சொல்லாடலில் அழியாது பதியும் என்று கருதினார். இந்தியாவில் பிறந்த பின்காலனியச் சிந்தனையாளர் காயத்ரி ஸ்பிவாக் இன்னும் கடுமையானவர். ஃபூக்கோவும் பிரெஞ்சு மெய்யியலாளர் தெலூஸும் 1972இல் நிகழ்த்திய உரையாடலை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்டோர் தமக்காகத் தாமே பேசுவர் என்று கூறும் ஐரோப்பிய அறிவாளர் தம் சொந்த இடத்தை மறைத்துவிடுகின்றனர் என்று 1988இல் வெளிவந்த கட்டுரையில் சாடினார். காலனியத்தின் விளைவுகளை ஆராயும் பின்காலனியச் சிந்தனை, ஃபூக்கோ முதலியோரைச் சார்த்தி வழங்கும் பிரெஞ்சுப் பின்அமைப்பியலின் வெறும் கிளை என்று எழுதுவோர் இந்தப் பூசலை மறந்துவிடுகின்றனர்.

தமிழ்ச்சொல்லோ புதிதாகச் செய்யப்பட்டதன்று. ‘கல்லா ஒருவன் தகைமை தலைப்பெய்து சொல்லாடச் சோர்வு படும்’ (405) என்னும் குறளில் அதன் வினைவடிவம் உள்ளது. அங்கே கற்றவரோடு கூடிப் பேசுதலே பொருள் எனினும், பேசத் தகுதியுடையவர் எவர் என்னும் வினா ‘கல்லாமை’ என்னும் அவ்வதிகாரம் முழுவதிலும் இழையோடுகிறது என்பதால், இத்தேர்வு எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. ‘உரையாடல்’ இருவர் பேச்சோடு நின்றுவிடும். ‘கருத்தாடல்’ நிறுவனங்களை விட்டுவிட்டுக் கருத்துகளை மட்டும் சுட்டுவதாகத் தோன்றும், மொழியியலில் அது வேறு பொருளிலும் வழங்குகிறது. தொலைக்காட்சி விவாதத்தையும் மேடைப் பேச்சையும் சொல்லாடல் என்று எழுதும் வழக்கம் மட்டும் தவிர்க்கத்தக்கது; அவற்றுக்கு விவாதம், பேச்சு என்னும் சொற்களே போதும்.