கடல்நீர்த் தொட்டிக்குக் குடிநீர் போதாது

கடல்மீன் தொட்டியில் ஏதோ சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும், தொட்டியைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: ஊற்றுகிற தண்ணீர் எங்கே இருக்கிறது? மணலில் பழுப்புப் படலம், கண்ணாடியில் வாரம் தவறாத பாசி, விரியாமல் சுருங்கியே கிடக்கும் பவளம் என்று புகார் எதுவானாலும், காரணம் பல சமயம் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் இருக்கும் கேனில்தான் கிடைக்கிறது.

"நாங்கள் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரைத்தான் சார் ஊற்றுகிறோம்" என்பது வழக்கமான பதில். குடிக்க அது நல்ல தண்ணீர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இயந்திரம் செய்யப்பட்டதே நாக்குக்காக. மெம்ப்ரேன் என்ற வடிகட்டும் சவ்வு வழியாக வந்த தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்ற எண்) கண்ட்ரோலரோ, தாதுக்களைச் சேர்க்கும் கார்ட்ரிட்ஜோ பல இயந்திரங்களில் இருக்கும். அப்படி ஒரு வீட்டில் ஆர்ஓ இயந்திரத்தின் குழாயில் வரும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன், 90 காட்டியது. இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, மெம்ப்ரேனிலிருந்து வெளியே வரும் பைப்பைப் பிடுங்கி அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் 14. மிச்சம் எல்லாம் இயந்திரமே கலந்து கொடுத்தது. சுவைக்காகக் கலந்த அந்தத் தண்ணீரில், மெம்ப்ரேன் தடுத்திருக்க வேண்டிய சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

90 என்ன பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு தடவை ஊற்றுவதோடு முடிந்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்தது எதுவும் கூடப் போவதில்லை. 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். அதை 90 டிடிஎஸ் உள்ள தண்ணீரால் நிரப்பினால் தினமும் 180 மில்லிகிராம் உள்ளே இறங்குகிறது. மாதத்துக்கு 5 கிராமுக்கு மேல்! அடிக்கடி தண்ணீர் மாற்றினாலும், மாற்றுகிற உப்பு நீரையும் அதே தண்ணீரில் கலந்தால் பழையது போய்ப் புதியது வருகிறது, அவ்வளவுதான்.

அந்த 5 கிராமில் பெரும்பகுதி கால்சியமும் மற்ற உப்புகளுமாக இருக்கலாம். கவலை தருவது மீதியில் ஒளிந்திருப்பது. சிலிக்கேட் இருந்தால் பழுப்புப் பாசியான டயட்டம் விடாது. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பச்சைப் பாசிக்கு உரம். செம்பு இதையெல்லாம் விடக் கொடுமை: நோய் வந்த மீனுக்கு மருந்தாக லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு கொடுப்பார்கள். மீன் தாங்கும் அந்த அளவு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். டிடிஎஸ் மீட்டர் மொத்தத்தைத்தான் சொல்லும், எது எவ்வளவு என்று சொல்லாது. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'குறைவாக இருக்கிறது' என்பதோடு நிற்காமல் பூஜ்யத்தைக் கேட்கிறோம்.

பூஜ்யம் வேண்டுமென்றால் ஆர்ஓவுக்குப் பின்னால் டிஐ ரெசின் (கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) வேண்டும். நல்ல மெம்ப்ரேன் கரைந்திருப்பதில் 95 சதவீதத்துக்கு மேல் நிறுத்தும். மிச்சத்தை ரெசின் பிடிக்கும். மீட்டரை இரண்டு இடத்தில் வையுங்கள்: மெம்ப்ரேனுக்குப் பிறகு ஒன்று, ரெசினுக்குப் பிறகு ஒன்று. முதல் எண் மெல்ல ஏறினால் மெம்ப்ரேனையும் தண்ணீர் அழுத்தத்தையும் பாருங்கள். இரண்டாவது 1 காட்டிய அன்றே ரெசினை மாற்றிவிடுங்கள், 5 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரெசின் தீரும்போது முதலில் கைவிடுவது சிலிக்கேட்டைத்தான். அதுவரை பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்து வெளியே தள்ளும், மீட்டரோ சிலிக்கேட்டைச் சரியாகக் காட்டாது. நிறம் மாறும் ரெசின் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பி நான் முடிவெடுப்பதில்லை.

ஓடாமல் நின்றிருந்த இயந்திரத்தைப் போட்டால் முதல் சில நிமிடங்கள் வரும் தண்ணீரில் டிடிஎஸ் அதிகமாகவே இருக்கும். அதைத் தனியாகப் பிடித்து வீடு துடைக்கக் கொடுத்துவிடுங்கள். தினமும் ஒரு லிட்டர் என்று பிடிப்பதைவிட, மொத்தமாக ஒரே ஓட்டத்தில் பிடிப்பது ரெசினுக்கு நல்லது.

மீட்டர் காட்டாத இன்னொன்று குளோரின். மெம்ப்ரேனுக்கு முன்னால் குளோரினைப் பிடிக்க வைக்கும் கார்பன் ஃபில்டர் தீர்ந்துபோனால் குளோரின் மெம்ப்ரேனையே அரித்துவிடும். குழாய் நீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கும் ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும்: கார்பன் குளோரினை உடைத்த பின் அம்மோனியா தங்கிவிடும், அதையும் ரெசின்தான் பிடிக்க வேண்டும். ஆர்ஓவின் கழிவு நீர் வெளியேறும் பைப்பில் கொஞ்சம் பிடித்து மொத்தக் குளோரின் டெஸ்ட் செய்து பாருங்கள். நிறம் வந்தால் கார்பனை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஏசி தண்ணீரை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். மீட்டரில் அது சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் அது வழிந்து வருவது செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உள்ள காயில் மேல். வேண்டாம். கூரையில் விழுந்த மழைநீரும் வேண்டாம். பாட்டிலில் வரும் மினரல் வாட்டருக்குப் பெயரிலேயே பதில் இருக்கிறது.

சரி, பூஜ்யம் வந்துவிட்டது. அதைக் கெடுக்க ஒரு கேன் போதும். மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும் எச்டிபிஈ பிளாஸ்டிக் கேனில், அதுவும் உணவுப் பொருளுக்கென்று செய்ததில் பிடியுங்கள். சோப்புத் திரவமோ பினாயிலோ இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது. டிரம்மின் அடியில் இருக்கும் குழாயையும் பாருங்கள். டிரம் பிளாஸ்டிக், குழாய் பித்தளை என்று இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பித்தளையில் இருப்பது செம்பு. கரைந்த உப்பே இல்லாத தண்ணீர் அதை மெல்ல அரிக்கும். பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சம் புகாத கேன், இறுக்கமான மூடி, பெயின்ட் வாடையும் கொசு மருந்தும் எட்டாத இடம், அவ்வளவு போதும். அந்தத் தண்ணீரில் பிஎச் அளந்து கலங்க வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைந்தாலே எண் இறங்கிவிடும், உப்புக் கலந்ததும் சரியாகிவிடும்.

உப்பு கலந்த நீரை வேறு கேனில் வைத்து மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆவியானதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத தண்ணீர். வீட்டில் வேறொருவர் உதவி செய்யும் நாளில்தான் கேன் மாறும். கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அது திரும்பக் கரையாது.

ஆவியானதைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வைத்திருப்பவர்கள் அதற்கான தொட்டியைப் பெரிதாக வைக்க ஆசைப்படுவார்கள், அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று. ஆனால் நீர்மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் ஃப்ளோட் சுவிட்ச் மாட்டிக்கொண்டால் அதிலுள்ளது முழுவதும் உள்ளே போய்விடும். 200 லிட்டரில் 20 லிட்டர் கூடினால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு 32க்குக் கீழே இறங்கும்; 60 லிட்டர் போனால் 27, கூடவே தரையெல்லாம் தண்ணீர். நான்கைந்து நாளுக்குத் தாங்கும் அளவு தொட்டி போதும். சுவிட்சை வாரம் ஒரு முறை துடையுங்கள், நத்தை ஏறாமல் சுற்றி வலையும் போடுங்கள். நத்தைகளுக்கு அந்த இடம் ஏனோ ரொம்பப் பிடிக்கும்.