சிங்கப்பூர் போகும் முன் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பதால், எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் பலருக்குச் சிங்கப்பூர் அடுத்த ஊர் போல ஆகிவிட்டது. மகள் பிரசவத்துக்கு, பேரன் பிறந்தநாளுக்கு என்று கிளம்புகிறார்கள். விசா வந்தாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று, ஊறுகாய்ப் பொட்டலம் வரை கட்டியாயிற்று என்பார்கள். மருந்து வாங்க மட்டும் புறப்படும் நாள் மாலையில் வந்து நிற்பார்கள். ஒரு மருந்தாளுநராக எனக்குக் கவலை தருவது இந்த வரிசைதான். அந்த நாட்டுக்குப் போவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பெட்டியை.

சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு அது. விமான நிலையத்தில் தமிழ்ப் பலகைகள் வரவேற்கும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்த நெருக்கத்தில் நாம் மறந்துவிடுவது, மருந்து விஷயத்தில் அங்குள்ள சட்டம் நம்மூர் நடைமுறையைவிடப் பல மடங்கு கறாரானது என்பதை. சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத் தேவைக்கு மேல் மருந்து கொண்டுபோக முடியாது. அதற்குள்ளும் சில மருந்துகளுக்கு, அளவைப் பொறுத்து, அந்நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தூக்க மாத்திரைகள், மனப் பதற்றத்துக்கான அல்பிரசோலம், டையாசெபாம், குளோனாசெபாம், கோடீன், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், கவனக்குறைவுப் பிரச்சினை உள்ள பிள்ளைகளுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் ஆகியவை இந்த வகை. ஆணையத்தின் இணையதளத்திலேயே மருந்தின் பெயரைச் சரிபார்த்து விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே இதைத் தொடங்கிவிடுங்கள்.

“நான் தூக்க மாத்திரையே சாப்பிடுவதில்லையே” என்று பலர் நிம்மதியாகச் சொல்வார்கள். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அறுபதைக் கடந்த ஓர் அம்மா வயிற்று உப்புசத்துக்கு ‘கேஸ் மாத்திரை’ என்று நெடுங்காலமாக ஒன்றைச் சாப்பிட்டு வந்தார். அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தால் குளோர்டயாசெபாக்சைடு 5 மில்லிகிராம், கிளிடினியம் 2.5 மில்லிகிராம் என்று இருந்தது. முதலாவது டையாசெபாம் குடும்பத்தைச் சேர்ந்தது. அவருக்கு அது வெறும் வயிற்று மாத்திரை; சோதனை அதிகாரிக்கோ கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. பயணத்துக்கு நாள் இருந்ததால் அவருடைய மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். படபடப்புக்கும் மனச்சோர்வுக்கும் எழுதப்படும் சில கூட்டு மாத்திரைகளிலும் இதே போல் குளோனாசெபாம் சேர்ந்திருக்கிறது. எனவே மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள். உள்ளடக்கத்தைப் படியுங்கள், அல்லது உங்கள் மருந்தாளுநரைப் படிக்கச் சொல்லுங்கள். பட்டியலில் இருக்கிறதே என்று பயந்து இந்த வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தூக்கமின்மை, கை நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரைகூடப் போகும்.

அடுத்தது, அட்டையை வெட்டி வாங்கும் நம் பழக்கம். பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டினால் பெயர் ஒரு துண்டிலும் காலாவதி தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். அதோடு, காலை, மதியம், இரவு என்று பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுக்கொண்டு போனால், அந்த வெள்ளை வட்டம் சர்க்கரை மாத்திரையா வேறெதுவுமா என்று யாரால் சொல்ல முடியும்? முழு அட்டையாக, வாங்கிய ரசீதோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் அவருடைய கடிதத்தாளில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர், வேளைக்கு எவ்வளவு என்ற விவரங்களுடன் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

‘தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்’ என்ற எண்ணமும் உதவாது. ரத்த அழுத்த மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ, நம்மூர் மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி அங்குள்ள மருந்தகத்தில் வாங்க முடியாது. அங்கே பதிவு பெற்ற மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பார்வையாளர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் வைத்த ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும் என்று மறைத்தவருக்கு, மருத்துவமனைப் பில் வரும் நாளில் அந்தக் காப்பீட்டால் பயனிருக்காது.

மருந்துப் பெட்டியைத் தாண்டி மளிகைப் பைக்கும் வருகிறேன். மகளுக்குக் குருமா வைக்கக் கசகசா கட்டிக் கொடுக்காதீர்கள். அபின் செடியின் விதை என்பதால் அது அங்கே போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெற்றிலைப் பையில் மெல்லும் புகையிலை, குட்கா வேண்டாம், தடை செய்யப்பட்டவை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரே ஒரு குச்சிக்கும் வரி உண்டு. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை இன்னும் கடுமையாகியிருக்கிறது. பெயர்ச்சீட்டு இல்லாத லேகியம், சூரணப் பொட்டலங்களையும் நான் தவிர்க்கவே சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், யாருடைய பொட்டலத்தையும் வாங்கிக்கொள்ளாமல் இருப்பது. “அங்கே என் தம்பி வந்து வாங்கிக்குவான், வெறும் மருந்துதான்” என்று தெரிந்தவரே கொடுத்தாலும் கை கூப்பி மறுத்துவிடுங்கள். 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே மரண தண்டனை விதிக்கப்படலாம். பையில் இருந்தால் அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சிங்கப்பூரில் இறங்குவதற்கு முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். உடல்நிலை பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. அரசு தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் உடனே மூடிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெட்டியோடு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் மருந்து வீணாகிவிடும். ஐஸ் பையில் வைக்கும்போதும் ஒரு துணியைச் சுற்றுங்கள், பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். முதல் நாள் ஊசியை எந்த நேரத்துக்குப் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.